வெள்ளைக்கு அடியில் நீலம்

சுவரும் கூரையும் சேருமிடத்தில் டேப் ஒட்டாமல், வெறும் பிரஷ்ஷால் கோடு இழுக்கிற பெயின்டர் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான். தடுப்பூசி முகாமில் நர்ஸ் அவசர அவசரமாக அவளுடைய வலது தோள்மூட்டிலேயே ஊசியைக் குத்தினாள். மறுநாள் காலையிலிருந்து வலது கை காதுக்கு மேல் எழவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். டாக்டரிடம் போனது ஐந்தாவது வாரம். ஊசியால் கை போனதற்கு நஷ்டஈடு கேட்டு மனு போட்டபோது, அதிகாரி அந்தத் தாமதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இருபது வருஷமா கையைத் தூக்கியே வேலை பாக்குறீங்க. மூட்டு தேஞ்சிருக்கும்மா. ஊசி மேல ஏன் பழி போடுறீங்க?"

"இருபது வருஷமா தேயாதது ஒரே ராத்திரில தேஞ்சிடுச்சா சார்?"

"கத்தாதீங்க. ஊசி போட்ட ரெண்டு நாளுக்குள்ள வலி வந்ததுக்கு ஆதாரம் கொண்டாங்க."

வெளியே வந்ததும், அவள் கேஸை நடத்தும் வக்கீலம்மா கேட்டார். "ஊசி போட்ட மறுநாள் எங்க வேலை?"

"பள்ளிக்கூட ஹால்ல. சுவருக்கு நீலம், கூரைக்கு வெள்ளை. கை நடுங்கி, கோடு பாம்பு மாதிரி போச்சு."

"அது போதுமே! போட்டோ எடுத்துடலாம்."

"அடுத்த வாரமே இடது கையால சரி பண்ணிட்டேன் மேடம். என் கோடு கோணலா நின்னா எனக்குச் சோறு இறங்காது."

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "உன் ரோஷமே கேஸைக் கெடுத்துடுச்சே!"

கூட வந்திருந்த அண்ணன்தான் கேட்டான். "பழசைச் சுரண்டிட்டு அடிச்சியா, மேலேயே அடிச்சியா?"

"மேலேயே."

"அப்புறம் என்ன? அடியில இருக்கும்ல!"

ஒரு சுவர் முடிந்ததும் சுவிட்ச் பலகைக்குப் பின்னால் தேதியும் நிற எண்ணும் பென்சிலால் எழுதிவைப்பது அவள் வழக்கம். மறுநாள் ஹாலில் இரண்டு பலகைகளைக் கழற்றினார்கள். ஊசிக்கு முந்தின நாள் தேதியிட்ட சுவரில் நூல் பிடித்தாற்போல் கோடு. ஊசிக்கு மறுநாள் தேதியிட்ட சுவருக்கு ஏணி போட்டாள். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நனைத்த உப்புத்தாளை இடது கையில் எடுத்து, மூன்று நாள் பாடுபட்டு நேராக்கியதைத் தானே தேய்த்தாள். வெள்ளை கரைந்து, கூரை மேல் ஏறியும் இறங்கியும் தடுமாறிய நீலம் அடியிலிருந்து வெளியே வந்தது. ஏணியில் நின்றபடியே கீழே இருந்த வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள்.

"எடுங்க மேடம். கிட்ட வந்து எடுங்க."

தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். "ஐயோ, என்னம்மா இது? அசிங்கமா இருக்கு. எப்ப சரி பண்ணுவ?"

"அந்த ஆபீசர் இங்க வந்து நின்னு பாக்குற வரைக்கும் தொடமாட்டேன் டீச்சர். இந்த அசிங்கம் என்னோடது இல்ல."