குழாயை அடைத்த தனபாக்கியம்

தீவுத் தலைநகரை ஒட்டிய கராச்சர்மாவைத் தாண்டி, கடல்நீர் ஏறி இறங்கும், நாலா என்று எல்லோரும் சொல்லும் ஓடையின் கரையில் பட்டறைகளும் கல் உடைக்கும் மெஷினும் நெருக்கியடித்து நிற்கும். அங்கே ஹாலோ பிளாக் கம்பெனியில் கலவை போட்டுக்கொண்டிருந்தவள் தனபாக்கியம். சிலோன் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்களின் மகள். சுனாமிக்குப் பிறகு கணவன் பன்னீர்செல்வத்தோடு இங்கே வந்து, கரையோரம் தகரக் கூரை போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு மேல்புறம் ரவிச்சந்திரனின் லாரி பட்டறை. அங்கே வடிக்கும் கழிவு ஆயில் குழாய் வழியே ஓடையில் விழும். போன மழைக்குக் கடல் ஓதமும் சேர்ந்து ஏறியதில் கறுப்புத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. பன்னீர்செல்வம் சர்க்கரை நோய்க்காரர், காலில் ஏற்கெனவே புண். அது அழுகி, ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

தனபாக்கியம் பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, அந்தக் கொழாய நிப்பாட்டுங்க. எங்க வீட்டுக்காரரு காலே போயிருச்சு."

"நாலா ஓரத்துல யாரு ஒன்ன வீடு கட்டச் சொன்னது? பிடிக்காட்டி மெயின்லேண்ட் போ."

கடலுக்கு அந்தப் பக்கம் எந்த மெயின்லேண்ட்? அவள் பிறந்ததே கச்சாலில்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், சிமெண்டும் உடைசல் பிளாக்குகளும் சுமந்து போய்க் குழாய் வாயை அடைத்துப் பூசினாள். வாட்ச்மேன் ஓடிவந்து, "அரே தீதி, க்யா கர் ரஹீ ஹோ?" அக்கா, என்ன செய்கிறாய் என்று பதறினான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த மழையில் பட்டறை முற்றத்திலேயே ஆயில் தேங்கியது. கணுக்கால்வரை ஆயிலில் கறுத்து, ரவிச்சந்திரன் போலீசோடு அவள் வீட்டு முன்னால் வந்து நின்றான்.

"இடிச்சிரு, இல்லாட்டி கேஸ் போடுவேன்!"

"போடுடா! ஒரு நாள் நின்னதுக்கே ஒனக்கு இப்பிடி எரியுதா? நாங்க வருசக்கணக்கா அதுலதான்டா படுத்து எந்திரிக்கோம்!"

கரையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் அவள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். போலீஸ்காரர் மேலே பட்டறை முற்றத்தையும் அவர்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "பஹ்லே கட்டா கோதோ," முதலில் குழி தோண்டு என்றார் ரவிச்சந்திரனிடம்.

கழிவு ஆயிலைப் பிடிக்கப் பட்டறைக்குள்ளேயே குழி வெட்டி, சிமெண்ட் தொட்டி கட்டினார்கள். ஓடைக்கு ஆயில் வருவது நின்றது. ஆனால் பிளாக் கம்பெனி முதலாளி ரவிச்சந்திரனின் மச்சான். அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான்.

இப்போது அவளுக்குத் துறைமுகப் பக்கம் கட்டட வேலை. பஸ்ஸுக்குப் போகிற வழியில் தினமும் பட்டறைக்குள் நுழைந்து தொட்டியை எட்டிப் பார்க்கிறாள். நிரம்பியிருந்தால் அவள் போடும் சத்தம் ரோடுவரை கேட்கும். கோபம் தீர்ந்துவிட்டதா என்று யாரும் அவளிடம் கேட்பதில்லை.