நூற்றுக்கு முப்பது முளைத்த விதை

நர்சரி அக்காவை என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம். வாய் நீளம் என்றால்கூடச் சிரித்துக்கொள்வாள். அவள் நாற்றங்காலில் ஒரு நாற்றுப் பை காலி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, சொன்னவர் பாடு திண்டாட்டம்தான். காட்டு இலாகா நாற்றங்காலில் முப்பத்தொரு வருஷம் மேற்பார்வை பார்த்தவள். வரிசைக்கு நூறு பை, நூறிலும் நாற்று. மேலதிகாரிகள் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க கை ராசியே தனிம்மா" என்பார்கள். அந்த வார்த்தைக்காக மழை வெயில் பார்க்காமல் உழைத்தாள். அந்த வார்த்தைதான் தன்னைக் கெடுத்தது என்று இப்போது அவளே சொல்கிறாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆராய்ச்சி அதிகாரி ஒருவர் வந்தார். ஒல்லியான மனுஷர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஒரு சாக்கு விதையை அவள் முன்னால் இறக்கினார். மரம் இங்கே உள்ள அதே மரம்தான், விதை மட்டும் நானூறு மைல் தள்ளி, மழை குறைந்த சீமையிலிருந்து வந்தது.

"இன்னும் இருபது வருஷத்துல நம்ம ஊரும் அந்த ஊர் மாதிரி காயப் போகுதும்மா. மலையில ஒரு பாதி நம்ம நாத்து, ஒரு பாதி இந்த நாத்து. எது தாங்குதுன்னு பாத்துட்டா, அப்புறம் காடு முழுக்க அதையே நட்டுக்கலாம்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஏன், நம்ம விதைக்கு என்ன குறைச்சலாம்? அதற்கு மேல் அவர், "இதை வெந்நீர்ல போட்டு எடுங்க, தோல் கெட்டி" என்று வேறு சொல்லிவிட்டார். எனக்கே பாடமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள், வழக்கம்போலப் பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு விதைத்தாள்.

நூற்றுக்கு முப்பதுதான் முளைத்தது. வரிசைக்கு எழுபது பை வெறும் மண். அடுத்த வாரம் மேலதிகாரி பார்வையிட வருகிறார், விதையோ தீர்ந்துபோச்சு. அவள் என்ன செய்தாள்? பக்கத்துப் பாத்தியிலிருந்து நம்ம ஊர் நாற்றைப் பிடுங்கி அந்தக் காலிப் பைகளில் வைத்தாள். இலையும் ஒரே மாதிரி, தண்டும் ஒரே மாதிரி, யாருக்குத் தெரியப் போகிறது? மேலதிகாரி வந்தார், கை ராசி என்றார், போனார். நாற்றெல்லாம் மலை ஏறியது.

ஒன்பதாம் வருஷம் மழை பொய்த்தது. அளந்து பார்த்தால் மலையின் இரண்டு பாதியிலும் மரம் காய்ந்திருந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. இலாகா கூட்டத்தில் ஆராய்ச்சி சாரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "வெளியூர் விதை" என்று அவருக்குப் பட்டப்பெயரே விழுந்தது. அந்த ஆராய்ச்சிக் கோப்பை மூடி, அவரை எங்கோ ஒரு மூலைக்கு மாற்றினார்கள். கிளம்பும் அன்று அவர் நாற்றங்காலுக்கு வந்து, "உங்க வேலையில ஒரு குறை இல்லம்மா, என் கணக்குதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பாவி, டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டாள்.

அப்புறம் அவர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. மழை தள்ளிப்போனது, வெயில் ஏறியது, காய்ந்த மரத்தில் பட்டை வண்டு புகுந்தது. இந்த வருஷம் அந்த மலையே பழுப்பு. ஆனால் வெளியூர்ப் பாதியில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை மரங்கள் திண்ணென்று நின்றன, காயும் பிடித்திருந்தன. ஜீப்பிலிருந்து பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, அவை அந்த வெளியூர் விதையில் முளைத்தவை. எண்ணிப் பார்க்கவே வேண்டாம், நூற்றுக்கு முப்பது.

புதிதாக வந்திருந்த பெண் அதிகாரி, "அடியில ஈரம் இருக்கும் போல" என்றாள். "வண்டு பரவுறதுக்குள்ள மொத்த மலையையும் வெட்டி வித்துடணும். மறுபடி நம்ம விதையே போடலாம். வெளியூர் விதையைத்தான் அப்பவே போட்டுப் பாத்தாச்சே, கோப்புல இருக்கு."

அந்த மரம் வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கிற ஜாதியும் அல்ல. சொல்லிவிட வேண்டும் என்று அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பணி ஓய்வுக்கு மூன்றே வாரம். பிரிவு உபசார விழாவில் யார் யார் பேசுவது என்றுகூட முடிவாகிவிட்டது. அது முடியட்டும், மறுநாளே சொல்லிவிடலாம், மூன்று வாரத்தில் மலை எங்கே ஓடிவிடப் போகிறது என்று முழுங்கிவிட்டாள். விழாவில் ஆறு பேர் பேசினார்கள், ஆறு பேரும் கை ராசியைப் பற்றித்தான் பேசினார்கள்.

மறுநாள் மத்தியானம், மர மில்லில் ரம்பம் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். தட்டில் கை வைத்தபடியே, "நாலு நாளா உங்க மலை மரம்தான் அறுக்கிறோம். என்னமா இருக்கு தெரியுமா, ரம்பம் வெச்சா தண்ணி தெறிக்குது" என்றார்.

"தண்ணியா? அங்க எல்லாம் காய்ஞ்ச மரமாச்சே?"

"காய்ஞ்சதை எவன் முதல்ல எடுப்பான்? வண்டு தின்னதுக்குப் பாதி விலைதான். காண்ட்ராக்டர் பச்சையா நிக்கிறதைப் பொறுக்கி முதல்ல வெட்டிட்டான்."

அக்கா தட்டை அப்படியே விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினாள். அதிகாரியின் முன்னால் நின்று ஒன்று விடாமல் கொட்டினாள். அதிகாரி ஜீப் சாவியை எடுத்தாள்.

மலையில் செத்த மரங்கள் அப்படியே நின்றன. இடையிடையே வெள்ளை வெளேரென்று புது அடிக்கட்டைகள். அக்கா கீழே கிடந்த கிளையிலிருந்து ஒரு காயைப் பறித்து, நகத்தால் பிளந்து பார்த்தாள். பால் வடிந்தது. இன்னொன்று, இன்னொன்று, எல்லாம் பால். முற்ற இன்னும் இரண்டு மாசமாவது ஆகும், இதைப் போட்டால் ஒன்றுகூட முளைக்காது. அது அவளுக்குத் தெரியாதா?

"விதை வந்த காட்டுலயே திரும்ப எடுக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"அந்தக் காடு எரிஞ்சு ஆறு வருஷமாச்சு," என்றாள் அதிகாரி. ஆராய்ச்சி சாரின் எண்ணைத் தேடிப் போட்டு, போனை நீட்டினாள். "அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஆராய்ச்சி சாரின் குரல் தளர்ந்து போயிருந்தது. அக்கா அழுதுகொண்டே சொன்னாள், பை, எழுபது, முப்பது, பச்சை எல்லாவற்றையும். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"அப்போ என் கணக்கு தப்பில்லையா?"

"இல்ல சார். நீங்க சொன்னதுதான் சரி."

"முப்பதும் தாங்கிடுச்சா? இந்த வெயில்லயா?" குரலில் திடீரென்று ஒரு சின்னப் பிள்ளையின் அவசரம். "நாளைக்கே பஸ் ஏறிடுறேன்மா. முட்டிதான் வலி, பரவாயில்ல, மெதுவா ஏறிக்கலாம். ஒரே ஒரு மரத்தைத் தொட்டுப் பாத்துட்டு வந்துடுறேன்."

அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டிட்டாங்க சார்."

"எதை?"

"பச்சையா நின்னதை."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்," என்றாள்.