உம்மாவின் முடியாத நோன்பு

என் உம்மா அளவுக்கு அழகாகப் பொய் சொல்லக்கூடிய ஆளை இன்றுவரை நான் பார்த்ததில்லை. நான் பொய் சொன்னால் மட்டும் என் முதுகில் அகப்பைக் காம்பு முறியும்.

மாத்தளையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில், தம்புள்ளை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் தனியாக இருந்தார். மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூன்று வேளையும் பேக்கரிப் பணிஸும் பால் விடாத பிளேன்டீயும்தான். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வேறு. ஒரு நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் அடுத்த முறை எழும்ப மாட்டார் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் உம்மா சோறு அனுப்பினால், "இப்பதான் சாப்பிட்டேன்" என்று மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிவிடுவார். அப்படி ஒரு ரோஷம்.

நோன்பு மாதம் வந்தது. நோன்புக் கஞ்சி தெரு முழுக்கப் போகும், யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. ஐயாவும் வாங்கிக்கொண்டார். உம்மா விடுவாரா? கோழி, பருப்பு, கேரட், முருங்கையிலை என்று கஞ்சி நாளுக்கு நாள் தடித்தது. பெருநாள் முடிந்தும் நிற்கவில்லை. "விட்டுப்போன நோன்பப் புடிக்கிறேன்னு ஐயாகிட்ட சொல்லு" என்று பாத்திரத்தை என் கையில் தருவார். மூன்று மாதமாகியும் அந்த நோன்பு பிடித்து முடியவில்லை. ஐயாவோ தனியாகக் கடைவரை நடந்து போகும் அளவுக்குத் தேறிவிட்டார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எட்டு வயது. ஒரு நாள் கஞ்சியை நீட்டும்போதே சொல்லிவிட்டேன்.

"உம்மாக்கு நோன்பே இல்ல. பகல் சோறு தின்னாங்க, நான் கண்டேன்."

ஐயா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாங்காமலே கதவைச் சாத்திவிட்டார்.

கஞ்சி திரும்பி வந்ததும் உம்மா என்னை அடிக்கவில்லை. "அந்த மனுஷன் இனி பட்டினி கெடப்பாரே" என்று குசினித் தரையில் உட்கார்ந்து அழுதார். ஆனாலும் அடுத்த நாள் பகல் சாப்பாடு முடிந்ததும் கஞ்சிக்கு அரிசி கழுவினார்.

பின்னேரம் வாசலில் ஐயா நின்றார். அயர்ன் பண்ணிய சட்டை, கையில் அவர் வீட்டுக் கோப்பை.

"மகள், இன்னைக்கும் நோன்புதானே?" என்று உம்மாவிடம் கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"இன்னும் நாள் இருக்கா?"

"நெறைய இருக்குங்க."

"அப்ப ஊத்துங்க."

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பை நிறைய ஊற்றினார். எனக்கோ வயிற்றெரிச்சல். அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் இந்த மனிதருக்கு விளங்கவில்லையே, நாளைக்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.