உடுப்பெடுக்கிற நேரம்

எங்கள் ஊர் எத்தாளையில் பூச்சி மருந்தடிக்கிறவனுக்குத் தோள் பலத்தைவிடத் தொண்டை பலம்தான் முக்கியம். இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இருபது வருடத்துக்கு மேல் ஊராரின் வெங்காயப் பாத்திகளுக்கும் கொச்சிக்காய் என்கிற மிளகாய்த் தோட்டங்களுக்கும் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தவன் நான். எனக்குத் தெரியாததா?

டாங்கியை நிரப்பியதும் குனிந்து ஒரு பிடி மணல் எடுத்து விரல் இடுக்கால் விழவிடுவேன். மணல் நேரே காலடியில் விழுந்தால் அடிக்கலாம். காற்றில் சாய்ந்து விழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போய்ப் பிளேன்டி குடிக்கலாம். அதன் பிறகுதான் வேலி ஓரமாக நடந்து வீட்டுக்கு வீடு நின்று கூப்பிடுவேன்.

“மருந்து வருது. மருந்து வருது.”

உள்ளேயிருந்து பதில் வரும்வரை அடுத்த வீட்டுக்கு நகர மாட்டேன். ஒரு வீட்டில் கிணற்றைத் தகரத்தால் மூடும் சத்தம் கேட்கும். இன்னொரு வீட்டில் காயப்போட்ட கருவாட்டைப் பாயோடு சுருட்டித் தூக்குவார்கள். “காக்கா, புள்ள இப்பதான் தூங்கினது, அந்தப் பக்கத்தால தொடங்குங்க” என்று ஒரு குரல் வரும். “மோதினார் வந்திட்டாரு, எல்லாரும் எழும்புங்க” என்று, பள்ளியில் பாங்கு சொல்கிறவராக்கி என்னைக் கிண்டல் பண்ண ஒருத்தி இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் யார் யார் முகம் எப்படி என்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் அத்தனையும் தெரியும். இப்போதும் அந்தக் காலை நேரங்களை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது, மருந்து மணத்தையும் சேர்த்துத்தான்.

வரிசையில் கடைசி வீட்டில் ஒரு பெண் குரல். அவள் மட்டும் மற்றவர்களைப்போல “ஓம்” என்று சொல்லி முடிக்க மாட்டாள்.

“கொஞ்சம் நில்லுங்க, உடுப்புக் கிடக்கு.”

நிற்பேன். டாங்கி தோளை அறுக்கும். வெயில் ஏறும். இன்னும் கொஞ்சம் போனால் கச்சான் காற்று எழும்பிவிடும். “முடிஞ்சா?” என்று கேட்டால் “இன்னும் ரெண்டு இருக்கு” என்பாள். நாட்டில் உள்ள உடுப்பெல்லாம் இந்த வீட்டுக் கொடியில்தான் காய்கிறதாக்கும் என்று வாய்க்குள் ஏசிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் கிடுகு வேலியில் ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. கொடியில் மொத்தம் நாலு உடுப்பு. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, நின்ற நிலையிலேயே மடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையாகப் போனேன். கலியாணமாகிச் சில நாளில் அதைக் கேட்டேன்.

“நாலு உடுப்புக்கு அவ்வளவு நேரமா?”

“நாலுதான் கிடந்திச்சி. நின்டது நீங்கதானே” என்றாள்.

எனக்கு முறை வரும் நாளைக் கணக்குப் பார்த்து, வேண்டுமென்றே விடியற்காலையில் உடுப்புக் கழுவிப் போட்டிருக்கிறாள். இதைவிட ஒரு ஆணுக்கு என்ன வேண்டும்?

அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறோம். பிள்ளைகள் போய்விட்டார்கள், மகள் புத்தளம் டவுனில். கிடுகு வேலி போய்க் கம்பி வேலி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கத் தோட்டத்தை வெளியூர் ஆட்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். நான் டாங்கியை இறக்கி வைத்துக் கன காலம். மனைவிக்கு மட்டும் சில வருடங்களாக மூச்சு இழுப்பு. பனியும் தூசும் இல்லாவிட்டால் சமாளித்துக்கொள்வாள்.

போன கொச்சிக்காய்ப் போகத்தில் ஒரு நாள், நான் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று தோட்டத்துப் பக்கம் ஒரு இரைச்சல். தென்னை உயரத்தில் பெரிய தும்பிபோல ஒன்று வந்தது. அடியில் புகைபோல மருந்து இறங்கியது. முன்னால் ஒரு சொல்லில்லை, ஒரு கூப்பாடில்லை. வேலி வரைக்கும் வந்து திரும்பியது. அது திரும்பினது, மருந்து திரும்பவில்லை. மனைவி நனைந்த சாரனால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகத்தில் மாஸ்க் வைத்துக் காஸ் பிடித்த பிறகுதான் பேச்சு வந்தது. டொக்டர் ஒரு இளம் பெண், சிங்களத்தில்தான் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ட்ரோன் கதையை ஆத்திரமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவர், பேனையை வைத்துவிட்டு நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

“அந்தக் காலத்தில் உங்கள் வேலை உடுப்பை யார் கழுவியது?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்தாள். டொக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இழுப்பு எதனால் வந்தது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது, இருப்பதைக் கூட்டாமல் பார்க்க வேண்டும், அந்தக் காற்றுப் படாமல் இருக்க வேண்டும் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு ட்ரோன்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி, என்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்த கோபம்.

ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் ஊரே இந்தக் கதைதான். கருவாடு போடுகிறவர்கள் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் வாப்பாமார் ஒரு பக்கம். ஒருவர், “கிணத்துத் தண்ணீட நிறம் மாறல்ல, மணம் மாறல்ல, ருசி மாறல்ல, பொறகென்ன?” என்றார். “அது தொழ முந்தி ஒளு எடுத்துக் கைகால் கழுவுற கணக்கு, குடிக்கிற கணக்கில்ல” என்று இன்னொருவர் வாயை அடைத்தார். கையெழுத்து வாங்கி மனு எழுதுவது என்று முடிவானது. மனு போகிற இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னும் நாலு தரம் அடித்துவிடுவார்கள் என்று நான் நேரே தோட்டத்துக்குப் போனேன்.

“நாங்க அறிவிச்சம்தானே. வட்ஸ்அப் குரூப்புல போட்டம்” என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான், சிலாபத்துப் பக்கத்து ஆள்.

“என்ட பொஞ்சாதி குரூப்புல இல்ல தம்பி. வேலிக்குப் பக்கத்துல இருக்கா” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. நான் வீடு வீடாகக் கூப்பிட்டு முடித்து, துண்டை வீசிக் காட்டும்வரை ட்ரோனைக் கிளப்ப மாட்டார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், அப்படிக் கூப்பிடப் போன அந்தக் காலை எனக்குப் பெருநாள். பழைய வேலி ஓரம், அதே மணல். “மருந்து வருது” என்றதும் குரல் கொஞ்சம் உடைந்தது, ஆனால் கேட்டது. ஒரு கிழவி வெளியே வந்து, “மோதினார் இன்னம் மவுத்தாகல்லியா, உசிரோடயா இருக்காரு?” என்றாள். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலுக்கு முகத்தைக் கண்டேன். தகரம் இழுபடும் சத்தம், ஜன்னல் மூடும் சத்தம் எல்லாம் கேட்டது. கடைசியாக என் வீட்டு வேலியில் நின்று கூப்பிட்டேன். அவள் நில்லுங்கள் என்று சொல்லவில்லை. வாயை முக்காட்டால் மூடிக்கொண்டு வந்து, உடுப்பை ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் துண்டை வீசினேன்.

மணல் நேரேதான் விழுந்தது. ஆனால் அந்தச் சாமான் தன் காற்றைத் தானே உண்டாக்குகிறது. நாங்கள் இடுப்பு உயரத்தில் இலையை நனைத்தோம். இது மேலிருந்து ஊதுகிறது. மருந்து வேலி தாண்டி எங்கள் முற்றத்தில் இறங்கியதை நானே நின்று பார்த்தேன். மத்தியான லுஹருக்கு முதல் அவளுக்கு இழுப்புத் தொடங்கிவிட்டது.

கொஞ்சம் தேறியதும் சொன்னாள். “நீங்க கூப்பிட்டா உடுப்ப எடுக்கலாம். நெஞ்ச எங்க எடுத்து வைக்கிற?”

அதோடு மகள் வந்து அவளைக் கூட்டிப்போய்விட்டாள். கொச்சிக்காய் முடியும் மட்டும் புத்தளத்தில் இருக்கட்டும் என்றாள். கொச்சிக்காய் முடிந்தால் வெங்காயம் போடுவார்கள். அது முடிந்தால் மறுபடி கொச்சிக்காய். இந்தக் கணக்கில் அவள் எப்போது வீட்டுக்கு வருவது? கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் தனியாகச் சோறு தின்றதில்லை.

மறுபடியும் மேனேஜரிடம் போனேன். வீட்டுப் பக்க வேலியிலிருந்து ஐம்பது அடிக்கு ட்ரோன் வரக்கூடாது, அந்தத் துண்டு நிலத்துக்குக் கையால் அடியுங்கள் என்றேன்.

“கையால அடிக்க இப்ப ஆள் இல்ல ஐயா.”

“இருக்கு” என்றேன்.

நேற்றுத்தான் அடித்தேன். ஆஸ்பத்திரியில் தந்த முகமூடியைப் போட்டுக்கொண்டேன். வேலி ஓரமாகக் கூப்பிட்டுக்கொண்டு போய், ஆளில்லாத என் வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டேன். பழைய பழக்கத்தில் நாலு உடுப்பெடுக்கிற நேரம் நின்றேன். தோள் இன்னும் டாங்கியை மறக்கவில்லை. குழாயைத் தாழ்த்திப் பிடித்து இலையை மட்டும் நனைத்தேன். வேலிக்கு இங்கால் ஒரு துளி வரவில்லை.

வீட்டுக்கு வந்து சாரனையும் சேர்ட்டையும் கழற்றிக் கிணற்றடியில் நானே கழுவினேன். வாழ்க்கையில் முதல் தரம். சவர்க்காரம் போட்டுக் கும்மினேன், கை எரிந்தது. அலசினேன், மணம் போகவில்லை. மறுபடியும் மறுபடியும் அலசினேன். இந்த மணத்தோடுதான் தினமும் வந்து, உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சோறு கேட்டிருக்கிறேன். அவளும் ஒரு சொல் சொல்லாமல் அள்ளிக்கொண்டு போனாள்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு அவளுக்கு டெலிபோன் எடுத்தேன். “இந்தத் தரம் இங்கால வரல்ல. நான் நின்டு பாத்தன்” என்றேன்.

“அப்ப இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழம வந்து பாப்பம்” என்றாள். பிறகு, “போட்டிருந்த உடுப்ப என்ன செஞ்சீங்க?” என்று கேட்டாள்.

“கழுவிட்டன்.”

“எத்தின தண்ணி ஊத்தி அலசினீங்க?”

“மூணு.”

“மூணு தண்ணிக்கு மணம் போவாது. ஏழு ஊத்தணும்” என்றாள்.

டெலிபோனை வைத்துவிட்டு மறுபடி கிணற்றடிக்குப் போனேன். இன்னும் நாலு தண்ணி இருந்தது.