விடுபட்ட நோன்புகள்

எனக்கு வந்திருப்பது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். மூன்று வருடங்களுக்கு முன், ஓயாத அசதிக்காகப் பரிசோதனைக்குக் கொடுத்த ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறி இருந்தன. கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டு, இது வேகமாகக் கொல்லும் வகை இல்லை என்றார் மருத்துவர். தினமும் மாத்திரை போட்டால் அடங்கி இருக்கும். ஒருநாள்கூட விடக்கூடாது. "சுகர், பிரஷர் மாதிரி நெனச்சுக்கங்கம்மா" என்றார். நான் சீக்கிரமே அப்படி நினைக்கப் பழகிவிட்டேன். என் கணவருக்குப் பழகவில்லை. ஊட்டி பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் அவர், அன்று முதல் கடையை அடைத்துவிட்டு வந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். நான் எதையும் ஒரு வரிசையில் செய்கிறவள். மதியச் சோற்றில் பாதியைச் சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கி, மீதியைச் சாப்பிட்டால் குமட்டல் இல்லை என்று சில வாரங்களில் கண்டுகொண்டேன். டால்டா வாசனை அறவே ஆகவில்லை. கறியில் கொழுப்பை நீக்கிவிட்டு வேகவைத்த தண்ணீர்க் குழம்பு, ரசம், பீன்ஸ், நூக்கல் என்று என் சாப்பாடு தனியாகப் பிரிந்தது. சாப்பிட்டதும் படுக்கக்கூடாது என்பதால் தையல் மெஷினில் உட்கார்ந்துகொள்வேன். வெயில் சாயும் முன் காந்தல் மேட்டில் மெதுவாக நடந்துவிட்டு வருவேன். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். பத்து மணிக்குள் வற்றிவிடும்.

விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் பீட்ரூட்டோடு வந்தார்கள். ரத்தம் ஊறுமாம். என் தொல்லையே கணக்கில்லாமல் ஊறுவதுதான் என்று யாரிடம் விளக்குவது? வாங்கி வைத்துக்கொண்டேன். கணவர் மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போதெல்லாம் பர்லியாரில் இறங்கி, புற்றுநோய்க்கு நல்லதென்று முள்சீத்தாப்பழம் வாங்கி வந்தார். அதன் இலையையும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள் என்றார். நான் மருத்துவரிடம் கேட்டேன்.

"பழத்தைப் பழமா சாப்பிடுங்க. கசாயம், பொடி, ஜூஸுன்னு எது ஆரம்பிச்சாலும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான். சில சாமானம் மாத்திரையைக் கெடுத்துடும். மாத்திரை செய்யற வேலையைச் சாப்பாடு செய்யாதும்மா. அந்த மாத்திரையை நீங்க தாங்கணுமில்ல, அதுக்குத்தான் சாப்பாடு."

இதைவிடத் தெளிவாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. இலைக் கசாயம் அன்றோடு நின்றது.

நோன்பு மட்டும்தான் ஆறவில்லை. நோய் வந்த பிறகு இரண்டு ரமலான்கள் நோன்பில்லாமல் போயின. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் வீடே பசித்திருக்கும்போது சமையலறையில் நின்றபடி, தட்டில் கை படும் சத்தம் வராமல் சாப்பிட்டேன். நோயால் விடுபட்ட நோன்பைக் குணமான பிறகு வைத்துத் தீர்க்கலாம். அதற்குக் களா என்று பெயர். இரண்டு மாதத்து நோன்பையும் களா என்றே மனதில் வைத்திருந்தேன். அப்படி வைத்திருந்ததில் ஒரு நம்பிக்கையும் இருந்தது. திருப்பி வைக்க வேண்டியிருக்கிறதென்றால், வைக்கும் காலம் ஒன்றும் வரத்தானே வேண்டும்?

இந்தக் குளிர்காலத்துப் பரிசோதனையில் நோயின் தடம் மிக மிகக் குறைந்திருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன். மருத்துவர் உடனே மறுக்கவில்லை. மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்ற வேண்டும், நோன்பு திறந்ததிலிருந்து விடியுமுன் சாப்பிடும் சஹர் வரை அவர் சொன்ன அளவு தண்ணீர் குடித்தே தீர வேண்டும், பத்து நாளில் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

மாடியில் குடியிருக்கும் என் கொழுந்தனின் மனைவிக்கு என்னைவிடச் சந்தோஷம். "நம்மூர்ல நோன்பு வைக்கறதெல்லாம் ஒரு கஷ்டமாக்கா? கீழ மேட்டுப்பாளையத்துக்காரங்கதான் நாக்கு வறண்டு கெடக்கறாங்க. நாம ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்துட்டு நோன்பு வைக்கறோம். மலக்குமாருங்க நமக்குப் பாதி நன்மைதான் எழுதுவாங்க பாருங்க" என்றாள்.

முதல் நாளே ஒரு தப்பு நடந்தது. அந்தியில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. கஞ்சியும் சாப்பாடுதானே என்று மாத்திரையையும் அதோடு போட்டுக்கொண்டு மஃரிப் தொழுகைக்கு நின்றேன். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபோது எல்லாம் மேலே வந்துவிட்டது. முக்காட்டில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். மறுநாளிலிருந்து தொழுகையை முடித்துவிட்டு, உட்கார்ந்து முழுச் சோறு தின்று, அதன் நடுவில் மாத்திரை. அது ஒழுங்காக நடந்தது.

இன்னொரு தப்பு நடந்துகொண்டே இருந்தது, அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. மலையில் குளிர் இன்னும் விடவில்லை. பகலில் தாகமே எடுக்கவில்லை. ராத்திரியில் சில்லிட்ட தண்ணீரைக் கண்டாலே உடம்பு நடுங்கும். கஞ்சி, இஞ்சி டீ, சூப் எல்லாவற்றையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். இங்கே நோன்பு வைக்கும் எல்லோரும் அப்படித்தான், அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. இரவில் தராவீஹ் தொழுகையில் நிற்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. மாத்திரை போடுகிறவளுக்குச் சதை பிடிப்பது புதிதல்ல என்று விட்டுவிட்டேன். முகவீக்கம் மதியம் வரை வற்றாமல் நின்றது. அதையும் விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து நானும் அவரும் கோயம்புத்தூர் போனோம். இருவருக்கும் நோன்பு. பயணிக்கு நோன்பை விடச் சலுகை உண்டு, விட மனமில்லை. மலைப்பாதை இறங்க இறங்கக் காற்று சூடேறியது. அன்றுதான் அந்த ரமலானில் முதன்முதலாக எனக்குத் தாகம் எடுத்தது.

மருத்துவர் ரத்த ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார்.

"தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?"

டீயையும் கஞ்சியையும் சொன்னேன். "தாகமே எடுக்கலைங்க சார்."

"ஊட்டியில எப்படிம்மா எடுக்கும்? உங்க கிட்னிக்கு ஊட்டியும் தெரியாது, கோயமுத்தூரும் தெரியாது. தண்ணி வந்துச்சா, வரலையா, அவ்வளவுதான்." கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது என்றார். "இப்ப மாத்திரை, நோன்பு ரெண்டுல ஒண்ணை விட்டுத்தான் ஆகணும். மாத்திரையைக் குறைக்க எனக்கு மனசில்லை. இப்பத்தான் நோய் படுத்திருக்கு, அதை எழுப்பி விட வேண்டாம்."

கணவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "அடுத்த வருஷம் வைக்கலாமுங்களா?"

"மாத்திரை போடற வரைக்கும் வேண்டாமுங்க."

"மாத்திரை எது வரைக்குமுங்க?"

மருத்துவர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "சில பேருக்கு ரொம்ப வருஷம் கழிச்சு நிறுத்திப் பார்க்கறோம். அம்மாவோட ஆரம்ப ரிப்போர்ட்டை வச்சுப் பார்த்தா, நான் அந்த ஆசையைக் காட்ட மாட்டேன். இருக்கற வரைக்கும்னு வச்சுக்குங்க."

இப்போதே தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரி கேன்டீனில், பட்டப்பகலில், நான் நோன்பை முறித்தேன். இட்லியும் தண்ணீர் பாட்டிலும் வாங்கி வந்து வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னேன். "நீ சாப்பிடு" என்றார். நோன்பிருக்கும் அவர் முன்னால் நான் சாப்பிடுவது அவருக்குக் கஷ்டமில்லை, எனக்குத்தான் இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் நிற்காமல் இறங்கியது.

மறுநாள் அவர் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"குணமாகற நோயா, ஆகாத நோயான்னு கேக்கறாரு. குணமாகும்னா களா, அப்புறமா வச்சுக்கலாம். இனி முடியவே முடியாதுன்னு டாக்டர் சொன்னாத்தான் ஃபித்யா. விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சோறு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"களான்னு சொல்லிட்டேன்."

"டாக்டர் சொன்னதைச் சொல்லலீங்களா?"

"டாக்டர் என்ன, அல்லாவா?" குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "புதுசு புதுசா மருந்து வருதும்மா. இப்பவே ஃபித்யா குடுத்தா என்ன அர்த்தம்? இவ இனிமே தேறமாட்டான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி."

அவர் பயந்தது எனக்குப் புரிந்தது. எனக்கும் அந்தப் பயம்தான். களா என்ற ஒரு சொல்லுக்குள் நான் இரண்டு வருடமாகக் குணமாகிக்கொண்டு இருந்தேன். ஃபித்யா என்று சொன்னால் அந்தக் கதவை என் கையாலேயே சாத்த வேண்டும். ஆனால் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோதே ஒன்று எனக்குத் தெளிவாகியிருந்தது. நான் சாகப்போகிறவளும் இல்லை, குணமாகப்போகிறவளும் இல்லை. மாத்திரையோடு பல வருடம் இருக்கப்போகிறவள். அந்தப் பல வருடமும், வராத ஒரு நாளுக்குக் கடன் வைத்துக்கொண்டே போக என்னால் முடியாது.

"மருந்து வந்தா அன்னைக்கு நோன்பு வைக்கறேங்க. வேண்டாம்னா சொல்லப்போறேன்? அது வரைக்கும் யாராவது சாப்பிடட்டும்" என்றேன்.

அவர் எழுந்து கடைக்குப் போனார்.

எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள லைன் வீடுகளில் ஒரு மாமி தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் இல்லை. பள்ளிவாசலில் கொடுக்கும் கஞ்சியை வாங்கி நோன்பு திறப்பவர், ஒரு நோன்பும் விடாதவர். சோறு, குழம்பு, பொரியல் என்று அடுக்கில் எடுத்துக்கொண்டு மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் படியிறங்கினேன். எதற்கென்று சொன்னேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வச்சுட்டுப் போ" என்றார்.

மறுநாள் அடுக்கைத் திருப்பித் தரும்போது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது எனக்கு ஆக்குனதா, உனக்கு ஆக்குனதா?"

"ஏன் மாமி?"

"உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நோன்பாளி வாய்க்கு ஆஸ்பத்திரிச் சோத்தைக் கொண்டாந்து வைக்கறே. நன்மை உனக்கு, தண்டனை எனக்கா?"

சிரித்துவிட்டேன். வீக்கத்துக்காக உப்பைக் குறைத்துக் குறைத்து, என் கைக்கு அதுவே அளவாகிவிட்டிருந்தது. "நாளைக்கு நல்லா செய்யறேன் மாமி."

"உப்புப் போட்டு செய். முடிஞ்சா ஒரு நாளைக்கு மீனு கொண்டா."

அடுத்த நாள் மாமிக்குத் தனிச் சட்டியில் குழம்பு வைத்து, அதை உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். கஞ்சிக் கிண்ணத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்த கொழுந்தன் மனைவி அப்படியே நின்றாள். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டுச் சமையல் எல்லாம் குத்துமதிப்புதான். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சட்டம் சொன்னாலும், யாருக்கும் தைரியம் வருவதில்லை. ஒரு நாள் கஞ்சி கரிக்கும், ஒரு நாள் சப்பென்று இருக்கும், யாரும் ஒன்றும் சொல்லாமல் குடிப்பார்கள்.

"அக்கா, நீங்கதான் நோன்பு இல்லையே. இதுல கொஞ்சம் உப்பு பாருங்க" என்றவள், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து முகம் சுருங்கினாள். "அப்படிச் சொல்லலைங்கக்கா..."

"குடு" என்றேன்.

ஒரு கரண்டி வாங்கிக் குடித்தேன். உப்புப் பற்றவில்லை, வெந்தயம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இரண்டையும் சொன்னேன். அவள் மேலே போய்ச் சரிசெய்து மறுபடி கொண்டுவந்தாள். இப்போது சரியாக இருந்தது.

அன்று நோன்பு திறக்கும்போது கணவர் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு உப்பு சரியா நிக்குதே. யாரு பார்த்தது?"

"அக்காதான் குடிச்சுப் பார்த்துச் சொன்னாங்க, மச்சான்" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மீதிக் கஞ்சியை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுத் தொழப் போனார். மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, தெருப்பக்கம் பார்த்தபடி கேட்டார்:

"மார்க்கெட் வழியாத்தான் வருவேன். மாமிக்கு மீனு வேணும்னாங்களாமே, என்ன மீனு?"