உள்ளே வெளுத்த முடிச்சுகள்

பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லாரும் முடிச்சக்கா என்றுதான் கூப்பிடுவோம். அறிக்கைகளை டைப் அடிப்பது என் வேலை. சோயாச் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, அதிலுள்ள முடிச்சுகளை எண்ணுவது பதினெட்டு வருடமாக அவள் வேலை. எண்ணுவதோடு விடமாட்டாள், பிளேடால் பிளந்தும் பார்ப்பாள். உள்ளே சிவந்திருந்தால், முடிச்சுக்குள் குடியிருக்கும் கிருமி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு அனுப்புகிறது. வெளுத்திருந்தால், ஓசிச் சோறு தின்றுவிட்டுச் சும்மா கிடக்கிறது.

"நம்ம ஆபீஸ்ல பாதிப் பேர் வெள்ளை முடிச்சுதான்" என்று சிரிப்பாள்.

இந்தப் பருவத்தில் சோயா விதைக்கவிருந்த தன் தம்பியிடம் அவளே சொன்னாள்: "யூரியா போடாதே, போட்டா வேர் சோம்பேறியாயிடும். எங்க நிலையத்துல குடுக்கிற கிருமிப் பொட்டலத்தை விதையில கலந்து விதைச்சாலே போதும்." அக்கா பேச்சைத் தட்டாதவன், ஒரு பிடி யூரியாகூட வாங்கவில்லை.

நாற்பதாம் நாள் அவன் வயல் முழுக்க இலைகள் மஞ்சளாகிவிட்டன. பத்துச் செடிகளைப் பிடுங்கிப் பிளந்தாள். முடிச்சுக்குக் குறைவில்லை. ஒன்றுகூட உள்ளே சிவக்கவில்லை. பொட்டலத்துக் கிருமி செத்துப்போக, மண்ணில் கிடந்த உதவாக்கரைக் கிருமிகள் வேரில் குடியேறியிருந்தன. சாகாமல் என்ன செய்யும்? கோடை முழுக்கப் பொட்டலங்கள் தகரக் கொட்டகையில் வெந்தன. அவை இருக்கவேண்டிய ஃபிரிட்ஜில் அதிகாரியின் ஜூஸ் பாட்டில்கள். பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நிலையத்துச் சோதனை வயலிலும் அதே கதை. படிவத்தில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'உள்ளே வெள்ளை' என்று எழுதிக் கொடுத்தாள்.

அதிகாரி அதை என்னிடம் தள்ளினார். "எண்ணிக்கையை மட்டும் அடிங்க."

"சார், செத்த பொட்டலத்தை இன்னும் எத்தனை பேருக்குக் குடுப்பீங்க?" முடிச்சக்கா விடவில்லை.

"செடிக்கு நாப்பது முடிச்சு இருக்கில்ல? அப்புறம் என்னம்மா?"

அடித்தேன். பொட்டலம் அருமையாக வேலை செய்கிறது என்று அதிகாரி சொன்ன முடிவையும், எண்ணியவர் என்று கீழே அவள் பெயரையும் அடித்தேன்.

அறிக்கையை வாசல் பலகையில் ஒட்டினார்கள். அதைப் படித்துவிட்டுத் தம்பி நேரே எங்கள் அறைக்கு வந்தான்.

"பொட்டலம் அருமையா வேலை செய்யுதுன்னு போட்டிருக்கு. அப்ப என் வயல்லதான் குறையா?"

"அது பொய்டா!"

"உன் பேருதானேக்கா போட்டிருக்கு? நாப்பதுன்னு நீ எண்ணலையா?"

"எண்ணினேன்..."

மேற்கொண்டு கேட்காமல் அவன் படியிறங்கினான். அவள் பின்னாலேயே ஓடினாள். நான் அப்போதும் நாற்காலியை விட்டு எழவில்லை.