எனக்கு இறைத்த எள்ளுத் தண்ணீர்

தஞ்சாவூர் மருத்துவமனை நடைவழியில் முதன்முதலாக என்னை நடக்கவிட்ட அன்று, எதிரே கைத்தடியோடு வந்த பெரியவருக்கு வழிவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றேன். "அப்பா" என்றார் அவர். என் மகன் சேகர்.

நான் வலங்கைமானில் விவசாயம் பார்த்தவன். நாற்பத்தெட்டு வயதில் கணையப் புற்று (இரைப்பைக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் வரும் கட்டி) என்னை முடித்துவிட்டது. உறைகாப்புக்கு (இறந்தவுடன் உடலைக் கடுங்குளிரில் வைத்துப் பாதுகாப்பது) முன்பே கையெழுத்துப் போட்டிருந்தேன். அப்போது சேகருக்குப் பன்னிரண்டு வயது. புற்றைக் குணமாக்கி என்னை எழுப்பியபோது அவனுக்கு எழுபது. எனக்கு அதே நாற்பத்தெட்டு. என் மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள். மூன்று நாள் அழுதேன்.

என்னைப் போல எழுந்து வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பு தேறிவிடும். கால் மரப்பு ஆறு வாரத்தில் போயிற்று. தானே ஓடி நடவு செய்யும் இயந்திரத்தோடு ஒரே வாரத்தில் சிநேகமாகிவிட்டேன். பழகாதது வீடுதான். சேகர் எனக்குச் சோறு பிசைந்து வைத்தான். "வெயில்ல போகாதீங்கப்பா" என்று அதட்டினான். வாய்தான் அப்பா என்றது. என்னை நடத்தியதெல்லாம் பேரனைப் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர் ஒரு தடவை உங்களை வழியனுப்பிட்டவரு. திரும்ப நம்ப நாளாகும், பொறுத்துக்குங்க" என்றார் மனநல மருத்துவர்.

ஆடி அமாவாசையன்று காவிரியிலிருந்து ஈர வேட்டியோடு வந்த சேகர், என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது என் பெயரையும் சொல்லியிருக்கிறான்.

"ஐம்பத்தெட்டு வருஷப் பழக்கம்பா. வாய் தானா சொல்லிடுச்சு."

"விடுடா, எனக்கு ஆயுசு கெட்டி" என்று சிரித்தேன். உள்ளே வலித்தது. இவனுக்கு நான் இன்னும் செத்தவன்தானா?

அப்பா இருக்கிறவன் எள்ளுத் தண்ணீர் இறைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். புரட்டாசி அமாவாசைக்கு அவன் என்ன செய்வான் என்று கேட்கப் பயந்தேன்.

அன்று காலை அவனே என்னைப் படித்துறைக்கு அழைத்துப் போனான். எள் கிண்ணத்தை என் கையில் வைத்தான்.

"தாத்தாவுக்கு நீங்க இறைங்க. நீங்க இருக்கையில நான் இறைக்கக் கூடாது."

இறங்கினேன். எழுந்த நாளிலிருந்து குளிர் என்றாலே நடுங்கிய உடம்பு, அன்று இடுப்பளவு தண்ணீரில் நடுங்காமல் நின்றது. என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். குரல் எனக்கே கணீரென்று கேட்டது.

கரையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த சேகர், "அப்பா, பசிக்குது. சீக்கிரம் வாங்க" என்றான்.

எனக்கு என்ன வயது என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். சேகருடைய அப்பா வயது என்று சொல்கிறேன்.